மேல் பிரிவுக்கு நான் வராத சனிக்கிழமைகள்

இன்று காலை கொழும்பில் அறை மாறுவதற்காக அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய பாடக் குறிப்புகளுக்குக் கீழே உன் படங்கு மடித்தபடி கிடந்தது. கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் அந்த நீலத் துண்டு. விரித்ததும் பச்சைத் தேயிலையின் கசப்பு வாடை எழுந்தது. இத்தனை நாளாகியும் அது போகவில்லை. அறைத்தோழி எட்டிப் பார்த்து, "இத ஏன் வச்சிருக்கீங்க, வீசிரவா?" என்று கேட்டாள். அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு சாமானும் கட்டவில்லை. உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

இதை என் இடுப்பில் கட்டிவிட்டவள் நீதான். இறுதி வருட ஆய்வுக்காக உன் அம்மா வேலை செய்யும் மலைக்கு ஏறிய காலையில், "கட்டிக்க டி, செடியெல்லாம் ஈரம். கொழும்புல வாங்குன கால்சட்டை நாசமாப் போயிரும்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் திருப்பித் தரவே இல்லை. நீயும் கேட்கவில்லை.

நாம் ஒரே தோட்டம். நீ கீழ் பிரிவு, நான் மேல் பிரிவு. தலவாக்கலைக்குப் பள்ளிக்கூடம் போன நாட்களில் உன் லயத்து வரிசை வீடுகளடியில் இறங்கி, உன்னைக் கூட்டிக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நடப்பேன். உயர்தரப் பெறுபேறு வந்து, இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே துறை கிடைத்தது. முறைமைப் பொறியியல். அது என்ன படிப்பு என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. உண்மையில் நமக்கும் தெரியாது. உன் அப்பா கேட்டார், "பாலம் கட்டுற படிப்பா, கம்ப்யூட்டரா?" நீ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாய்: "ரெண்டும் இல்லப்பா. ஒவ்வொன்னும் தனித்தனியா சரியா இருந்தும் மொத்தமா வேலை செய்யாமக் கெடக்கும்ல, அது ஏன்னு பாக்குற படிப்பு." அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்ப மொதல்ல நம்ம தண்ணிக் குழாயப் பாரு" என்றார்.

முதல் வருடம் நம் இருவருக்கும் பெரும்பாடு. விரிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து விடுதியில் அகராதியோடு உட்காருவாய். கணிதத்தில் ஒரு பாடம் போய்விட்டது உனக்கு. மறுநாள் எழுந்து அதே பாடத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாய். ஆனால் விரிவுரையாளர் ஒருநாள் கரும்பலகையில் ஒரு வட்டம் கீறி, எந்த முறைமையை எடுத்தாலும் முதலில் அதன் எல்லையைக் கீறுங்கள், உள்ளே யார், வெளியே யார் என்று முடிவு செய்யுங்கள் என்று சொன்னபோது, வகுப்பிலேயே நீ மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாய். விடுதிக்கு நடந்து வரும்போது கேட்டாய்: "நம்ம தோட்டத்த இப்பிடி வரைஞ்சா நம்ம ஆளுங்க எங்க டி வருவாங்க? உள்ளயா, வெளியவா?" எனக்குப் பசி. "மொதல்ல கெண்டீனுக்குப் போவோம்" என்றேன். அங்கே போயும் நீ சும்மா இருக்கவில்லை. வரிசையில் நின்றபடியே நேரம் பார்த்துவிட்டு, தட்டுகளை அந்தப் பக்கம் வைத்தால் கூட்டம் பாதியாகும் என்று கெண்டீன்காரரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாய். அடுத்த கிழமை தட்டுகள் அந்தப் பக்கம் இருந்தன. அவர் உன் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டார்.

இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்பு கொடுக்க வேண்டிய நாளில்தான், உன் அம்மாவைக் குளவி கொட்டிய கதையை முழுதாகச் சொன்னாய். அது நாம் உயர்தரம் படித்த காலம். மலையில் குளவிக்கூடு கலைந்து நாலைந்து பேரைக் கொட்டியது, உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரை, லொறி நிற்கும் தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் சாக்கில் படுக்க வைத்துக்கொண்டு நீ காத்திருந்தது எனக்குத் தெரியாது. "கொட்டு வாங்குனவங்க மலையிலருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் என்னென்ன நடக்குது, எங்க நிக்குது, அத வரைவோம்" என்றாய்.

விடுமுறையில் தோட்டத்துக்கு வந்து அளந்தோம். நான் மலையில் விழுந்து கிடப்பவள், நீ ஓடுபவள். சத்தம் கேட்டுக் கங்காணி வருவது, சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் ஓடுவது, அங்கிருந்து தோட்டத்து உத்தியோகத்தரைத் தேடிப் பிடிப்பது, லொறி புறப்படுவது, மண் பாதை, பிறகு பெரிய றோட்டு. கொழுந்து பறிக்கும் அக்காமார் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனார்கள். "ஓடு புள்ள, குளவி பின்னாலயே வருது!" என்று ஒருத்தி கத்தினார். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் கிடந்த இடத்துக்கே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

பின்னேரம் உன் வீட்டுக் கட்டிலில் தாளை விரித்து எல்லா நேரங்களையும் கூட்டிப் பார்த்தோம். குண்டும் குழியுமான பாதைதான் காரணம் என்று நாம் இருவரும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தோம். பாதைக்கு அவ்வளவு நேரம் போகவில்லை. பாதிக்கு மேற்பட்ட நேரம் லொறி ஸ்டோர் வாசலில் நின்றது. நல்ல லொறி. டீசல் இருந்தது, சாரதி இருந்தார். போ என்று சொல்ல வேண்டிய ஆளின் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் வரைக்கும் நின்றது. "இவ்வளவு நாளா றோட்டக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தோமே டி. எங்கம்மா றோட்டுல கெடக்கல. லொறிக்குப் பக்கத்துலதான் கெடந்தாங்க" என்றாய்.

நாம் எழுதிய தீர்வு ஒரு பக்கம்தான். குளவி கொட்டினால் சாரதி யாரையும் கேட்கத் தேவையில்லை, உடனே புறப்படலாம் என்று தோட்டத்து மேலாளரான தொரை முன்கூட்டியே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிரதியும் சாரதியின் தொலைபேசி எண்ணும், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துச் சுவரில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நல்ல புள்ளி கிடைத்தது. ஆய்வைப் பார்த்த ஒருவர், மிக எளிமையாக இருக்கிறதே என்றார். எளிமையாக இல்லாவிட்டால் ஓடுகிற நேரத்தில் யார் படிப்பார்கள் என்று நீ திருப்பிக் கேட்டாய். நான் மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தேன்.

அதற்குப் பிறகுதான் நாம் வேறு வேறு பக்கம் போனோம். எனக்குக் கொழும்பில், களஞ்சியங்களிலிருந்து கடைகளுக்குப் பொருள் போகும் வழியை ஒழுங்கு செய்யும் கம்பனியில் வேலை. நீ ஹட்டனில் ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டு, கிழமை முடிவில் தோட்டத்துக்குப் போனாய். கீழ் பிரிவில் அந்தக் கடிதத்தை வாங்கியே விட்டாய். எத்தனை தடவை ஒபிசுக்கு நடந்தாய் என்று உன் அம்மா பிறகுதான் சொன்னார்.

மேல் பிரிவுக்கு லொறியும் தனி, கடிதமும் தனி; அதற்குத் தடையாக இருந்தது என் அப்பா. அங்கே தொழிற்சங்கத் தலைவர் அவர்தானே. அவர் சரி என்று சொல்லாமல் ஆட்கள் கூட மாட்டார்கள், ஆட்கள் கூடிக் கேட்காமல் தொரை கையெழுத்துப் போட மாட்டார். உன்னிடம் அவர் சொன்னாராம்: "தொர குடுக்குற கடுதாசிய நம்பாத புள்ள. நாள பின்ன அதையே காட்டி நம்மள மாட்டி விடுவாங்க." நீ எனக்குப் போன் எடுத்தாய். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு டி. நீ ஒரு சனிக்கெழம வா. உன் வாயால சொன்னாக் கேப்பாரு."

வருகிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை வேலை இருந்தது. அடுத்ததில் உடம்பு களைப்பு. அதற்கடுத்ததில் அலுவலகத்துப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனேன். உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அலுவலகத்தில் என் ஊர் நுவரெலியா என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். லயம் என்ற சொல் அங்கே என் வாயிலிருந்து வந்ததில்லை. ஒவ்வொரு தடவை வீட்டுக்குப் போய் வந்த பிறகும், அந்தப் பொய்யைப் பழையபடி போட்டுக்கொள்ள இரண்டு நாள் பிடித்தது. அதனால்தான் தள்ளிப் போட்டேன். வேலை அவ்வளவு இல்லை.

கடைசித் தடவை நீ கோபப்படவில்லை. "சரி விடு. நானே மேல போயி நேரத்த அளந்து உங்கப்பா கையில குடுக்குறேன். கணக்கப் பாத்தா நம்புவாரு" என்றாய்.

போனாய். அந்தச் சனிக்கிழமை காலை, மேல் பிரிவில், வடிகால் கானுக்கு மேலே நின்ற மரத்தில் கூடு கலைந்தது. காற்றா, பறவையா, யாருக்கும் தெரியாது. ஏழு பேரைக் கொட்டியது. உனக்குத்தான் அதிகம். உன்னைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்கள். லொறி நின்றது. சாரதி நின்றார். "ஐயா சொல்லாம எடுத்தா என் வேல போயிரும்" என்று அந்த மனுசன் அழுதிருக்கிறார். உத்தியோகத்தர் ஐயாவின் போன் எடுபடவில்லை. அவரைத் தேடி ஓடியவர் என் அப்பா. அறுபது வயதில், அந்த ஏற்றத்தில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாராம்.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் வெளியே வந்தார். நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "தப்பியிருப்பா எண்டும் சொல்லேலாது பிள்ளை, தப்பியிருக்க மாட்டா எண்டும் சொல்லேலாது." அதற்குப் பிறகு நான் எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் படித்த எதுவும் அந்த விடையைத் தரவில்லை.

உன் வீட்டு வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் நீ வரவில்லை என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்புட்டியா புள்ள? கொழும்புலருந்து வெறும் வயித்தோட வந்தியா?" என்று கேட்டார். சுவரோரம் போய் உட்கார்ந்து அழுதேன்.

உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள், அப்பா காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். உன்னுடைய ஆய்வுத் தாள் அவர் கையில் இருந்தது. அன்றைக்கு அவருக்குக் காட்டவென்று நீ கொண்டுபோன அதே பிரதி. "இதுல என்னா எழுதியிருக்குன்னு ஒவ்வொரு வரியா எனக்குச் சொல்லு" என்றார். சொன்னேன். நேரங்கள் எழுதிய பக்கம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "அந்தப் புள்ள மூணு தடவ வந்துச்சு. நான் ஒக்காரக்கூடச் சொல்லல" என்றார். அன்றைக்கு ஆட்களைக் கூட்டினார். மாதம் முடிவதற்குள் மேல் பிரிவுச் சுவரிலும் அந்தக் கடிதம் ஏறிவிட்டது. கீழ் பிரிவில் நீ கஷ்டப்பட்டு வாங்கியதை, மேல் பிரிவில் உன் சாவைக் காட்டி வாங்கினோம். அது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

அப்பா இப்போது எந்த வீட்டுப் பிள்ளை என்ன கேட்டு வந்தாலும் முதலில் உட்காரச் சொல்கிறார். நான் மாதத்தில் ஒரு தடவை போகிறேன். பெரட்டுக் களத்துச் சுவரில் மழை பட்டுக் கடிதம் மங்கியிருந்தால் புதிதாக ஒட்டுகிறேன். சாரதி மாறினால் எண்ணை மாற்றுகிறேன். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அலுவலகத்தில் என் ஊர் எது என்று கேட்டவர்களிடம் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன விசயத்துக்காகத்தான் அத்தனை சனிக்கிழமைகளைத் தள்ளிப் போட்டேன் என்பது அதைவிடக் கொடுமை.

போன மாதம் மேல் பிரிவில் மறுபடியும் குளவி கொட்டியது. எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா, இரண்டு பிள்ளைகளின் தாய். லொறி யாரையும் கேட்காமல் போயிருக்கிறது. வார்ட்டில் கிடந்து தேறி வந்தார். இந்தத் தடவை நான் போனபோது தண்ணிக் குழாயடியில் நின்றிருந்தார், முகத்தில் வீக்கம் முழுதாக வடியவில்லை.

"எப்பிடி இருக்கு அக்கா?" என்றேன்.

"கடவுள் புண்ணியம் புள்ள. அன்னைக்கு லொறி தானா வந்து நின்னுச்சு."

சரி என்று தலையாட்டிவிட்டு நடந்திருப்பேன். முடியவில்லை. "தானா வரல அக்கா" என்றேன். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் குழாயை மூடினார். நீ யார், எந்த லயத்துப் பிள்ளை, என்ன படித்தாய், எதற்காக இந்த மலைக்கு ஏறினாய், நான் எங்கே இருந்தேன், எல்லாவற்றையும் அங்கே நின்றே சொன்னேன். இதைத்தான் நான் இப்போது சுமக்கிறேன். யாராவது லொறி தானாக வந்தது என்று சொன்னால் அந்த இடத்திலேயே நின்று சொல்வது. எனக்கு வசதியான பகுதியை மட்டும் சொல்லிவிட்டு நழுவாமல் சொல்வது.

அக்கா முழுதாகக் கேட்டு முடித்தார். பிறகு, "அந்தப் புள்ள பேரு என்னா?" என்று கேட்டார்.

உன் பெயரை உன் அப்பா பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னேன். மறந்துவிடக் கூடாது என்று, அவர் அதை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.