சல்லி வரிசை

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வேட்டி காயவில்லை. ஞாயிறு சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூட்டம். ‘சல்லி’ என்ற சொல்லைப் பற்றி நான் இருபது நிமிடம். இதுவரை சேர்ந்தவை:

உடைத்த கல்: சல்லி, ஜல்லி. முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி (கொத்தனார் சொன்னது).
சல்லிக்காசு.
நெல்லுக்குச் சல்லிவேர்.
ஆதாரமில்லாமல் பேசுவது: ஜல்லியடிப்பது.

லூர்து காய் நறுக்கிக்கொண்டே: "சல்லிசா கெடச்சுதுன்னு சொல்றமே, அத எழுதுங்க. சல்லிப்பயல வுட்டுடுங்க, பொம்பளைங்களும் இருப்பாங்க." வீட்டுக்காரி சொன்னால் சரி.

நவ. 6, வியாழன்

பஸ்ஸில் சிதம்பரம். கூட்டத்துக்கு டீ ஏற்பாடு என் பொறுப்பு. மண்டபத்துக்கு எதிரே டீக்கடை. ஒரு பெண் எண்ணெயிலிருந்து வடை அரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஓட்டைக் கரண்டியின் பெயரைக் கேட்டேன், பட்டியலுக்காக.

"ஜல்லிக்கரண்டி. என்னத் தெரியலயா சார்? செல்வி. எட்டாவது பி. சல்லி வரிசை."

மறந்தே போயிருந்தேன். மாதத் தேர்வு மார்க்குப்படி உட்காரவைப்பேன். முன்னால் பாறை, நடுவில் கூழாங்கல், கடைசியில் சல்லி. பிள்ளைகள் ரசிக்கிறார்கள் என்று நினைப்பு.

"ஒரு தடவையாச்சும் கூழாங்கல்லுக்கு வந்துரணும்னு பாத்தேன் சார். முடியல. அப்புறம் பள்ளிக்கூடமே வரல. நீங்க ஆளு வுட்டுக் கேப்பீங்கன்னு எங்கம்மா ஒரு வாரம் பாத்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உள்ளேயிருந்து அவள் கணவர்: "ஏ சல்லி, பால் பொங்குது பாரு." அவரும் அதே வகுப்பாம்.

நாற்பது டீ சொன்னேன். பஸ் ஏறினேன்.

நவ. 8, சனி

மழை இல்லை. மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம். செல்வி விஷயத்தைச் சொன்னேன். சாமியார் சின்ன வயது. பொறுமையாகக் கேட்டார். "கடவுள்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அந்தம்மாகிட்ட எப்ப?"

நாளை என்றேன். எல்லார் முன்னாலும் சொல்வதுதான் முறை. செல்வியிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி, பேச்சின் முதல் தாளில் எழுதிச் சேர்த்தேன்.

நவ. 9, ஞாயிறு

வெயில். முப்பது பேருக்கு மேல். என் வகுப்பின் மூன்று வரிசைகளைச் சொல்லித் தொடங்கினேன். ‘சல்லி’ என்றதும் சிரிப்பு. கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்து, "நான் மக்கு பெஞ்சுன்னே வெச்சிருந்தேன். நீங்க தமிழ் வாத்தியார், அழகா வெச்சிருக்கீங்க" என்றார். கைதட்டல்.

சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த இரண்டு வரியைத் தாண்டிச் சல்லிவேருக்குப் போய்விட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன், வாசலில் செல்வி. கையில் டீத் தூக்கு. எப்போது வந்தாளோ.

ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்ததும்,

"சர்க்கரை போட்டதுதான் சார். பரவால்லையா?"

பரவாயில்லை என்றேன்.