வாண்டுவுக்குப் போட்ட வெந்நீர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கச்சி வாண்டு மூவரும் உடம்பால் சுகம், மனசால் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கிற காலத்தில் அப்பாவுக்கு என்ன கடுதாசி வேண்டியிருக்கிறது என்று சிரிக்காதே. போனில் உன் தங்கச்சி பேச்சை எடுத்தாலே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. காலமெல்லாம் வயரோடு குடித்தனம் நடத்துகிறவன் நான், எந்த லைன் தானாகப் போகிறது, எந்த லைனை ஆள் பிடுங்கிவிடுகிறான் என்று எனக்குத் தெரியாதா. கடிதத்தை அப்படி நடுவில் கட் பண்ண முடியாது பார், அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுவாள், படியை நான்தான் கட்டினேன் என்கிற மாதிரி. எனக்கு வேலைக்குக் குறைவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றுக்கு வயரிங் எடுத்திருக்கிறோம், வெளியூர் என்பதால் அவ்வப்போது போய் இரண்டு மூன்று நாள் தங்கி வருகிறேன். வாண்டு அதே மூக்குக் கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறாள், இப்போது கண் சோதிக்கிற மிஷினையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள். வாண்டு என்று நீ வைத்த பேரைத்தான் கடையிலும் கூப்பிடுகிறார்கள், அந்தப் பேர் யார் வைத்தது என்று கேட்டால் எங்க அண்ணன் என்று இன்னும் பெருமையாகத்தான் சொல்கிறாளாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவள் நம் வழியை விட்டு வேறு வழியில் சாமியைத் தேடிப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த மதத்தின் பேரை இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போவதில்லை. கடைசியாக நீ போனில் அந்தப் பேரைச் சொன்னபோது அது கெட்ட வார்த்தை மாதிரி உன் வாயிலிருந்து விழுந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், வாண்டு பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவ இருக்கிற வீட்டுக்கு லீவில் நான் வரமாட்டேன் என்று நீ சொன்னதும் அவள் காதில்தான் விழுந்தது. மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. நீ விட்டுவிட்டுப் போன பழைய நீலச் சட்டையை வீட்டில் போட்டுக்கொள்வாளே, அதைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவள் வந்து சொன்ன அன்றைக்கு நான் குதித்த குதியை அம்மா உன்னிடம் முழுசாகச் சொல்லியிருக்கமாட்டாள். உன் கோபம் எந்தக் கடையில் வாங்கியது என்று நினைத்தாய், இங்கே தயாரான சரக்குதான். இந்த வீட்டில் உன் வழிபாட்டுக்காக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டேன் என்று கத்தினேன். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, நானுந்தான் என்றாள். வாண்டு எதிர்த்துப் பேசவில்லை. நீங்க எதுவும் செய்ய வேணாம்ப்பா, உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராம நானே பாத்துக்கறேன், என்கிட்ட பேசறத மட்டும் நிறுத்திடாதீங்க என்றாள். அவ்வளவுதான்.

அவள் போகிற வழியில் சூரியன் வருவதற்கு முன்னால் குளித்துவிட்டுப் பிரார்த்தனைக்கு உட்கார வேண்டும். வெயில் காலத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை, அப்புறம் குளிர்காலம் தொடங்கிவிட்டது. தொந்தரவு தரமாட்டேன் என்று சொன்ன ரோஷக்காரி, ஹீட்டர் சுவிட்சைத் தொடவே இல்லை. குளிர் தொடங்கிய முதல் நாள் குளியலறையில் பச்சைத் தண்ணீர் விழுகிற சத்தமும் அவள் பல்லைக் கடித்து மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டது, எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. ஆனால் துரும்பை எடுத்துப் போடமாட்டேன் என்று சொன்ன வாய் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. மறுநாள் அம்மா எழுந்து சமையலறைக்குப் போன பிறகு, தலைமாட்டில் இருக்கிற சுவிட்சைச் சத்தம் வராமல் அழுத்திவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டையும் விட்டேன். குறட்டை நன்றாகவே வந்தது. யாருக்கும் தெரியாமல் பெற்ற பெண்ணுக்கு வெந்நீர் போட்டுவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு திருட்டுச் சந்தோஷம். அவள் குளித்து வந்த பிறகு அதே மாதிரி ஓசைப்படாமல் அணைத்தும் விடுவேன். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் இதையே செய்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் அவள் கடையில் விளக்கு போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஏணியில் நின்று வேலை பார்த்துக்கொண்டே கீழே நடப்பதைக் கவனித்தேன். அங்கே நாலு பேர், எல்லாம் இருபத்தைந்தைத் தாண்டாத பிள்ளைகள். கண்ணாடி வெட்டுகிறவன் ஒரு மதம், பில் போடுகிற பெண் நம் மதம், வாண்டு இப்போது இன்னொன்று, விற்பனைக்கு நிற்கிற நெட்டையனுக்குச் சாமியே கிடையாதாம். ஒருத்தருக்குப் பிரார்த்தனை நேரம் வந்தால் இன்னொருத்தர் கேட்காமலேயே அவர் இடத்தில் போய் நிற்கிறார்கள். நீங்கல்லாம் கும்பிடப் போனா கடையைப் பாத்துக்கறது நான்தானே, அதனால இங்க டூட்டியில இருக்கிற கடவுள் நான்தான் என்று நெட்டையன் சொல்ல, அப்போ எனக்கு லீவு கொடுங்க கடவுளே என்று கண்ணாடி வெட்டுகிறவன் கையேந்துகிறான். எனக்குச் சிரிப்பு வந்து ஏணி ஆடிவிட்டது. இந்த வயசில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்ன கும்பிடுகிறான் என்பது தெரியும், எப்படிக் கும்பிடுகிறான் என்று கேட்டதில்லை. இதுகள் கேட்கிறதுகள், கிண்டல் பண்ணுகிறதுகள், ஆனாலும் யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்தும் அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. வீராப்பு.

வாண்டுவுக்கு இருமல் பிடித்தது. போன மாதம் முழுக்க இருமினாள், தினமும் வெந்நீர் போட்டும் இப்படி இருமுகிறாளே என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள், வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதியில் இடம் பார்த்துவிட்டாளாம், அண்ணன் லீவுக்கு வர்றதுக்குள்ள நான் போயிடறேன், அவன் வீட்டுக்கு அவன் வரட்டும் என்று. அம்மாதான் பொரிந்து தள்ளினாள். தினமும் நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி அடுப்படியில இருந்து உனக்கு வெந்நீர் போட்டு வெச்சேனே, உங்கப்பாவுக்குத் தெரியாம பயந்து பயந்து போட்டேனே, என்னைய விட்டுட்டுப் போறியாடி என்று. நீயா, நான்தானே போட்டேன் என்று என் வாய் முந்திக்கொண்டது. வாண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தினமுமா, எந்த வெந்நீர் என்று கேட்டாள்.

சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடினேன். உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த புதிதில், மாடிப்படி விளக்குக்குப் படியின் கீழே ஒன்று மேலே ஒன்று சுவிட்ச் வைப்போமே, அதே மாதிரி ஹீட்டருக்கும் படுக்கையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று நான் பெருமையாக வைத்துக் கொடுத்தேன். எங்கேயிருந்து வேண்டுமானாலும் போடலாம், எங்கேயிருந்து வேண்டுமானாலும் அணைக்கலாம். ஊரில் எந்த வீட்டிலும் இல்லாத வசதி. ஒருத்தர் போட்ட பிறகு இன்னொருத்தர் தட்டினால் அணைந்துவிடும், ஹீட்டரில் இருக்கிற சிவப்பு விளக்கைப் பார்த்தால்தான் ஓடுகிறதா இல்லையா என்று தெரியும். அந்த விளக்கு செத்து வெகுநாள் ஆகிறது, ஊருக்கெல்லாம் விளக்கு மாட்டுகிறவனுக்குச் சொந்த வீட்டில் அதை மாற்ற நேரமில்லை. நான் படுக்கையிலிருந்து போட, அவள் சமையலறையிலிருந்து போட, இரண்டும் சேர்ந்து தினமும் அணைத்திருக்கிறோம். அவள் குளித்த பிறகு அணைக்கிறோம் என்று மறுபடி இரண்டு பேரும் தட்ட, அது அணைந்தபடியே நின்றிருக்கிறது. இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள், நம் வீட்டில் இரண்டு கை தட்டியதால்தான் தண்ணீர் சூடாகவில்லை. விளக்கிச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நீங்க வயரிங் பண்ணின லட்சணம் என்றாள்.

வாண்டு முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள், அப்புறம் அழுதாள். நீங்க வெளியூர் போன நாள்ல மட்டும் தண்ணி சூடா வந்துச்சுப்பா, நீங்க இல்லாதப்போ அம்மா தைரியமா போடறாங்க, நீங்க வந்தா பயந்து விட்டுடறாங்கன்னு நெனச்சேன் என்றாள். மகனே, இதைப் படிக்கிற உனக்கு எப்படியோ, எனக்கு நெஞ்சில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. எந்த அப்பா வீட்டில் இருந்தால் வெந்நீர் வராது என்று நினைத்தாளோ, அந்த அப்பாவுக்குத் தினமும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து பிளாஸ்க்கில் காப்பியைச் சூடாக ஊற்றி வைத்துவிட்டுத்தான் அவள் பிரார்த்தனைக்கு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அவளுடைய புது வழியை நான் பொறுத்துக்கொள்கிறேன் என்று எனக்குள்ளே ஒரு நினைப்பு இருந்தது, பொறுத்துக்கொண்டது யார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நீ எங்கேயும் போகவேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், அம்மாவும் சொன்னாள். நீங்க சொல்லிட்டீங்கப்பா, அண்ணன் சொல்லலியே என்றாள். கட்டின பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மாசக் கடைசியில் போய்விடுவாள்.

அவள் வழிதான் சரி என்று நீ சொல்லவேண்டாம், எனக்கே அது புரியவில்லை, நான் கும்பிடுகிற சாமியை நான் மாற்றப்போவதும் இல்லை. அவள் பிரார்த்தனைக்கு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீ அங்கே போன புதிதில் அம்மாவிடம் ஒன்று சொன்னாய், நினைத்துப் பார். உன் அறையில் இருக்கிறவன் வேறு மதத்துக்காரன், பாட்டு அலற வைக்கிறவன், ஆனால் நீ கண்ணை மூடி உட்கார்ந்தால் அவனாகவே பாட்டை நிறுத்திவிட்டு, வெளியே யாராவது கதவைத் தட்டினாலும் உஷ் என்று சொல்லுவான் என்று. அம்மா அன்றைக்கு அழுதுகொண்டே அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். முகம் தெரியாத ஊரில் யாரோ பெற்ற பிள்ளை உனக்குக் கொடுத்ததை, நீ பெயர் வைத்த தங்கச்சிக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுக்கக்கூடாதா. இன்னொன்று, அவள் மதத்துக்காரர்கள் எல்லாம் இப்படித்தான் என்று உறவுக்காரர்கள் குழுவில் நீ போட்ட வீடியோவை நான் பார்த்தேன். அதில் கத்துகிற ஒருத்தர்கூட நம் வாண்டு மாதிரி இல்லையடா. இனி எதை அனுப்புவதானாலும் அவள் முகத்தை ஒருதரம் நினைத்துக்கொண்டு அனுப்பு.

நேற்று ஹீட்டருக்குப் புது விளக்கு மாட்டிவிட்டேன், ஹாலிலிருந்து பார்த்தாலே சிவப்பாகத் தெரிகிறது. சுவிட்ச் இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன், அம்மாவும் நானும் இப்போது யார் போட்டது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம், அதற்கே ஒரு சண்டை. கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே, ராத்திரி பட்டினியாகப் படுக்காதே, டிக்கெட் போட்டதும் சொல்லு. எந்தச் சாமியின் பேரைச் சொன்னாலும் என் வாயில் வருகிற வேண்டுதல் ஒன்றுதான், நீங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் சிரித்துக்கொண்டு நூறு வருஷம் இருக்கவேண்டும். அம்மாவின் ஆசியும் இதிலேயே சேர்ந்து வருகிறது. மாசக் கடைசிக்குள் உன் தங்கச்சிக்கு ஒரு போன் போடு, என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் இருமல் எப்படி இருக்கு என்று கேள், போதும். லீவில் வந்தால் நேரம் மாறி விடியலிலேயே உனக்கு முழிப்பு வந்துவிடும். அப்போது சிவப்பு விளக்கு எரிந்தால் சுவிட்சில் கை வைக்காதே, எங்களில் யாரோ போட்டிருக்கிறோம். எரியவில்லை என்றால் நீ போடு. போட்டுவிட்டு எங்களை மாதிரி திருடன் போலப் போய்ப் படுத்துக்கொள்ளாதே, அவள் கதவைத் தட்டி, வாண்டு, அண்ணன் வெந்நீர் போட்டிருக்கேன் என்று வாயைத் திறந்து சொல்லு.

உன் வருகையையும் அதற்கு முன்னால் உன் குரலையும் எதிர்பார்க்கும்,
உன் அப்பா