லுஜைனின் விண்ணப்பம்

அன்புள்ளவளே,

நீ ஊறப்போட்டுவிட்டுப் போன ஆலிவ் காய் பதமாகிவிட்டது. உன் அக்காவிடம் புது வீட்டைப் பற்றி இப்போதைக்குப் பேசாதே. காரணம் ஒன்றுமில்லை.

என் வணிகக் கடித வகுப்பில், ஏதாவது உண்மையான விளம்பரத்துக்கு வேலை விண்ணப்பம் எழுதி வரச் சொல்வேன் அல்லவா? முதுகலை மாணவி லுஜைன் நேற்று கொண்டுவந்தது எங்கள் பல்கலைக்கழகத்தின் விளம்பரம். வணிகக் கடித விரிவுரையாளர், ஒரே ஓர் இடம். இர்பித் வளாகத்தில் அந்தப் பாடம் நடத்துவது நான் ஒருவன்தானே!

“உஸ்தாத், ஊரை விட்டுப் போறீங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!” என்றாள்.

“எல்லாருக்கும் கினாஃபா இனிப்பு வாங்கிக் கொடுத்துட்டுத்தாம்மா போவேன்” என்று சிரித்து வைத்தேன்.

விண்ணப்பத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. பழக்கதோஷம், திருத்திக் கொடுத்துவிட்டேன். இன்று அனுப்பிவிட்டாளாம். தேர்வுக் குழுவில் நானே இருந்தாலும் அவளைத்தான் எடுப்பேன்.

சீக்கிரம் வா.

உன்னவன்