அடங்காத செல்கள்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நலம். நீங்களும் நம் வாலுப்பெண்ணும் நலம்தானே? மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தேன். வரவில்லை. சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன். இனி காரணத்தைக் கேளுங்கள், கொட்டாவி விடாமல்.

உடம்பிலுள்ள செல்லின் வாசலில், வளரச் சொல்லி வளர்ச்சிக் காரணி வந்து தட்டும். அது வாசலில் இருக்கும் ஏற்பிக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு கையால் ஏற்பியையும் மறு கையால் உள்ளே இருப்பவர்களையும் பிடித்துச் சேர்த்துவைப்பதுதான் எங்கள் இணைப்புப் புரதம். அதைத் தடுத்தால் வளர்ச்சி அடங்கும், புற்றுக்கட்டிக்கு மருந்தாகும் என்று கட்டுரையே எழுதி முடித்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து உங்கள் மகள் போன் செய்தாள். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்ட கதையை அவள் அளந்து முடிப்பதற்குள், வளர்ச்சிக் காரணி ஊற்றிவைத்த செல் தட்டுகளை மறந்தே போனேன். வழக்கமாக ஐந்தே நிமிடத்தில் செல்களை உடைத்துப் பார்த்துவிடுவோம். அன்று ஒரு மணி நேரமாகிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் சோதித்தேன். சாதாரணச் செல்கள் அடங்கியிருந்தன. இணைப்புப் புரதத்தை நாங்கள் நீக்கிவைத்த செல்கள் மந்தமாகத் தொடங்கினாலும் அடங்கவே இல்லை. வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்தேன், அதே கதைதான். போதும் என்று ஏற்பியை அப்புறப்படுத்த ஆள் கூட்டி வருவதும் அந்தப் புரதம்தான் போலிருக்கிறது.

எங்கள் ஆய்வகத் தலைவரோ, கட்டுரையை இப்போது அனுப்பிவிடுவோம், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். நீயும் வீட்டுக்குப் போகலாமே என்று தேன் வேறு தடவினார். எனக்கு வந்ததே கோபம்! இதை நம்பி யாருக்காவது மருந்து கொடுத்து, கட்டி இன்னும் வளர்ந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவர் மறுநாள் வந்து, அப்படியானால் எல்லாவற்றையும் நீயே முதலிலிருந்து செய் என்றார். செய்கிறேன். வருடம் முடிந்துவிடும்.

அவள் பள்ளிக்கூடம் போகும் முதல் நாளில் நான் இருக்க மாட்டேன். அம்மா எங்கே என்று கேட்டால் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் அக்கா சொன்னால் என்னைக் கல்நெஞ்சக்காரி ஆக்கிவிடுவார்.

கோபித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. திட்டி நாலு பக்கம் எழுதுங்கள், படிக்கிறேன். வந்துவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் வந்துவிடுவேன்.

உங்கள் பதிலுக்குப் பயந்தபடி,
உங்கள் பிடிவாதக்காரி