பக்கத்து வீட்டுக்குக் கேட்காத கிட்டார்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்குமாகச் சேர்த்துக் கால் நான்கும் கை மூன்றும் நலம். மீதி ஒரு கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் என்னை முழுதாகப் பேச விடுவதில்லை நீ, பாதியில் அழுகிறாய், இல்லாவிட்டால் உத்தரவு போடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் பொறுமையாகப் படி.

கட்டுப் பிரிச்சும் விரல் மடங்கலன்னா விட்டுடும்மா, இனிமே பார்லர் வேலையே வேணாம், மாசாமாசம் நான் அனுப்புறேன் என்று போன தடவை சொன்னாயே, பாசத்தில் சொன்னாய் என்று தெரியும், ஆனாலும் சுருக்கென்று இருந்தது. முடி வெட்டுகிறவளுக்குக் கத்தரி பிடிக்கிற கை போதும் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். இடது கை விரல்கள் முடியை வாரி இழுத்து அளவு காட்டாவிட்டால் கத்தரி என்ன செய்யும்? குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு, மோதிர விரலும் சுண்டு விரலும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. முதலாளியம்மா என் நாற்காலிக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டு என்னை வாசல் மேஜையில் பில் போட உட்கார வைத்தார். என்னிடமே வெட்டிக்கொண்டவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு அவளிடம் போய் உட்காருவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகாமல் விடுவதில்லை என்று.

பிசியோ பெண் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அலுத்துப்போனது. ஒவ்வொரு விரலும் தனித்தனியா வேலை செய்யணும், எதுல செஞ்சாலும் சரிதான் ஆன்ட்டி என்றாள் அவள். உன் அறையைப் பெருக்கும்போது சுவரில் தொங்கிய எலெக்ட்ரிக் கிட்டார் கண்ணில் பட்டது. நீ இடது கை விரல்களைக் கம்பி மேல் ஓடவிட்டது ஞாபகம் வந்தது. அப்பா தூசி தட்டி, சத்தத்தைப் பெருக்குகிற அந்தச் சின்ன ஆம்ப் பெட்டியில் சொருகிக் கொடுத்தார். போனில் வீடியோ பார்த்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பழக ஆரம்பித்தேன். முதல் வாரம் நான் எழுப்பிய சத்தத்துக்கு அப்பா மாடிக்குக் குடியேறாத குறை.

அப்பா தாங்கிக்கொண்டார், பக்கத்து வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவரால் முடியவில்லை. பார்லருக்குக் கிளம்பும் முன் எனக்குக் காலை நேரம்தான் ஒழியும், அவர் இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து தூங்குகிறதும் அந்த நேரம்தான், நடுவில் ஒரே சுவர். ஒரு நாள் கண்ணெல்லாம் சிவந்து வாசலில் வந்து நின்றார். தப்பா நினைக்காதீங்கக்கா, தூங்காம வண்டில உக்காந்தா பின்னால படுத்திருக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து என்றார். சண்டை போட்டிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், இப்படிச் சொன்னால் என்ன செய்வது? இனிமே ஒரு சத்தம் வராது தம்பி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பார்த்தேன், கம்பி டிக் டிக் என்கிறதே தவிர, சுண்டு விரல் சரியாக அழுத்தியதா, சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று காதுக்குப் பிடிபடவில்லை. ஹெட்ஃபோன் இல்லாமல் ஆகாது என்று புரிந்தது.

நீ பிறந்தநாளுக்கு அனுப்பினாயே, ஒயர் இல்லாத ஹெட்ஃபோன், அதைத்தான் முதலில் எடுத்தேன். அதில் ஆம்ப்பிலிருந்து வரும் ஒயரைச் சொருக இடமே இல்லை. அப்பா ஏதோ ப்ளூடூத் கருவி வாங்கி வந்து ஆம்ப்பில் மாட்டினார். சத்தம் வந்தது, ஆனால் நான் கம்பியைத் தட்டிக் கொஞ்சம் கழித்து, வேண்டா வெறுப்பாக வந்தது. ஏற்கெனவே சொன்ன பேச்சுக் கேட்காத விரலுக்கு இந்தக் குழப்பம் வேறா? கோபித்துக்கொள்ளாதே, அதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன், செய்தி கேட்க அருமையாக இருக்கிறதாம். அடுத்து அவருடைய போன் இயர்போனை ஒரு இணைப்புப் பின் போட்டுச் சொருகினோம். ஒரு காதில் மட்டும் கேட்டது, அந்தப் பின் இரண்டு காதுக்கும் சத்தம் தருகிற ஸ்டீரியோ வகை இல்லையாம். போதாததற்குக் காதுக்குள் குத்தி வலி.

சரி என்று ஆம்ப்பைத் துணிப்பையிலும் கிட்டாரை அப்பா முதுகிலும் ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்து இசைக்கருவிக் கடைக்கே போய்விட்டேன். விற்பனைப் பெண் முதலில் கலர் கலராக விளக்கு எரிகிற ஒன்றை நீட்டினாள், அதில் மைக்கும் இருந்தது. நான் யாரிடம் பேசப் போகிறேன், அதைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்றில் கீழ்க்கட்டைச் சத்தம் திம் திம் என்று எல்லாவற்றையும் மூடிவிட்டது, நான் தப்பாக அழுத்தியதுகூடச் சரியாக அழுத்தியது மாதிரியே கேட்டது, அப்புறம் எப்படித் திருத்துவது? விலை கூடின ஒன்று, பின்பக்கம் சல்லடை மாதிரி திறந்திருக்கும், காதில் வைத்ததே தெரியவில்லை, சத்தமும் அவ்வளவு தெளிவு. கொஞ்சம் சபலப்பட்டேன். அதற்குள் பக்கத்தில் நின்ற அப்பா, எனக்கே கேக்குதே என்றார். அதையும் வைத்துவிட்டேன். கடைசியில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த சாதாரணக் கறுப்பு ஒன்று, காதை முழுசாக மூடுகிறது, கண்ணாடிக் காம்பை அழுத்தவில்லை, நீளமான ஒயர், ஆம்ப்புக்கான பெரிய பின்னும் அதோடு தருகிறார்கள். காது கொஞ்சம் வேர்க்கும், வேர்க்கட்டும். இன்னும் கொஞ்சம் போட்டா பெரிய கம்பெனியே வாங்கலாமே மேடம் என்றாள். எனக்குக் கம்பெனி வேண்டாம்மா, என் விரல் கேட்டால் போதும் என்று இதையே கட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஆசையில் அப்படியே மாட்டி ஒரு தட்டுத் தட்டினேன் பார், மண்டைக்குள் இடி விழுந்தது. இப்போதெல்லாம் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுத்தான் காதில் வைக்கிறேன். டிரைவர் தம்பி விழித்திருந்த ஒரு மாலையில் அப்பாவை அவர் வீட்டுக்கு அனுப்பிச் சுவரில் காது வைக்கச் சொல்லி, நான் இந்தப் பக்கம் வாசித்தேன். பல்லி ஓடற அளவுக்குக்கூட இல்லக்கா என்று அவரே ஓடி வந்து சொன்னார். அன்று முதல் தினம் காலையில் நானும் என் விரல்களும் மட்டும்தான். வலித்தது, கையை வெந்நீரில் வைத்தேன். கம்பி கொர்ரென்றது, திரும்ப அழுத்தினேன். சுண்டு விரல் அழுத்தி முதல் தடவை சுத்தமாக ஒரு சுரம் வந்தபோது, காதில் இதை மாட்டியிருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா கரண்டியோடு ஓடி வந்தார், தம்பி தூக்கத்திலிருந்து எழுந்தே வந்துவிட்டார். வாசிப்பு கேட்கவில்லை, நான் கத்தியது கேட்டதாம்.

போன வாரம் முதலாளியம்மாவிடம் போய், உங்க தலையவே வெட்டறேன், கோணலா வந்தா நானே மேஜைக்குப் போயிடறேன் என்றேன். அவர் எழுந்து வந்து என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். பாதியில் விரல் இழுத்துக்கொண்டது. எல்லாப் பெண்களும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் அவசரப்படவில்லை, கையை உதறி, விரலை மடக்கி நீட்டி, மறுபடி முடியைப் பிடித்தேன். முடித்ததும் அவர் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துவிட்டு, நாளைக்கு மத்தியானத்துலருந்து உன் இடத்துல நில்லு, முழு நாள் எப்பன்னு கை சொல்லட்டும் என்றார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஆகையால் மகளே, மாசாமாசம் பணம் அனுப்புகிற யோசனையை விட்டுவிடு, அதில் நீங்கள் இரண்டு பேரும் எங்காவது போய்வாருங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி மனம் நிறைந்து வாழ எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய், அந்தக் கிட்டாரை விற்கப் போவதாக இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறாய் போலிருக்கிறது, நேற்று ஒருவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். விற்பதற்கில்லை, அதை வாசிக்கிறவள் நான்தான் என்று அனுப்பிவிட்டேன். விளம்பரத்தை இன்றைக்கே எடுத்துவிடு.

உன் அன்பு அம்மா