அறுபது பச்சைத் தட்டுகள்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்னும் உயிரோடு இருக்கிறவன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் போன் பண்ணினால் தங்கச்சியிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, என்னை "நல்லாருக்காரா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நாலு மாதமாக இதே கதை. டைல்ஸ் கம்பெனிக்குப் போனதும் தட்டு கிண்ணம் செய்கிறவனை மறந்துவிட்டாரா உங்க அண்ணன் என்று கேட்டேன். "நீங்க பண்ணின காரியத்துக்கு நல்லாருக்காரான்னு கேக்கறதே பெரிசு" என்றாள். போனில் பேசினால் என் வாய் கிண்டலுக்குப் போய்விடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு பட்டறையில் பழைய வாளிகள் எல்லாம் வெடித்துப் போய், முதலாளியம்மா ஒரே மாதிரி வெள்ளை வாளி வாங்கிப் போட்டார். தட்டுக்கு நிறமும் பளபளப்பும் தருகிற கிளேஸை எல்லாம் அதில் மாற்றி ஊற்றினோம். மேலே இங்கிலீஷில் ஒட்டின சீட்டு இரண்டே நாளில் கிளேஸ் தெறித்து மறைந்துவிட்டது. அது இருந்தாலும் எனக்கு எதற்கு. கைப்பிடியைத் தடவினேன், பழைய வாளியில் இருந்த முடிச்சுக் கயிறு இல்லை. ஒரு முடிச்சு நீலம், இரண்டு முடிச்சு பச்சை, மூன்று முடிச்சு செங்காவி. பன்னிரண்டு வருஷமாகக் கையாலேயே வாளியைக் கண்டுபிடித்தவன், அன்றைக்கு விழித்துக்கொண்டு நின்றேன். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போது பார்த்து ஒரு ஓட்டலுக்கு அறுபது தட்டு, எல்லாம் பச்சை. முதல் சூளையில் வெந்த தட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இதுதான் பச்சை என்று மனசு சொன்ன வாளியை நன்றாகக் கலக்கினேன். இடுக்கியால் பிடித்து, மூன்று எண்ணி முக்கி, சொட்டு விடாமல் உதறி, அடியைத் துடைத்து வைத்தேன். ஒரு தட்டில்கூட வழிசல் கிடையாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

சூளை ஆறியதும் எல்லோரும் கூடினோம். சூளைக்காரர் கதவைத் திறந்தார். நான் முன்னால் போய் நின்று, "பாத்துக்கங்கப்பா, எப்படி ஒரு பச்சை" என்றேன். எல்லோரும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு சூளைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், செங்கல் மாதிரி செவசெவன்னு இருக்கு, மூஞ்சியை மாத்தாம எப்படிய்யா சொல்ற" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜோக் அடித்தேன் என்று நினைத்துவிட்டார்கள் மச்சான். வேறு வழி தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "விளையாடறதுக்கு என் தட்டுதான் கிடைச்சுதா" என்று கேட்டார். "நாளையிலேருந்து கிளேஸ் பக்கம் வராதீங்க. மண்ணு பிசையப் போங்க. பிடிக்கலைன்னா வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வேண்டுமென்றே கெடுத்தவன் என்ற பெயர். இல்லை என்று சொன்னால், நிறம் தெரியாத கண் குறைந்தவன் என்ற பெயர். எது தேவலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாட்டில் கை போகவில்லை. கிண்டல் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறானே, காய்ச்சலா என்று உங்கள் தங்கை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னேன். முழுசாகச் சொல்வதற்கு முன்னாலேயே அவள், "தெரியும்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் பச்சைப் புடவை என்று சொல்லி நான் வாங்கி வந்தது என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணனுக்கும் அப்போதே தெரியும் என்றாள். அவர் மனசு சங்கடப்படும், வெளியே மூச்சு விடாதே என்று நீங்கள் சொன்னீர்களாம். பட்டறைக்கு என்னைக் கூட்டிப்போன முதல் நாள் காலையில், ஒரு மணி நேரம் முன்னால் போய் வாளிக்கெல்லாம் முடிச்சுப் போட்டீர்களாம்.

எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் முடிச்சுப் போடுவார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது நைந்து போகும்போதெல்லாம் நீங்கள் குனிந்து உட்கார்ந்து புதுசு கட்டுவீர்கள். நான் பின்னால் நின்று "முடிச்சு மகாராஜா" என்று பேர் வைத்து ஊரையே கூப்பிட வைத்தேன். நீங்கள் கிளம்பின அன்றைக்குப் பளபளக் காகிதத்தில் சுற்றி ஒரு கட்டுக் கயிறு பரிசாகக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே அதைப் பையில் வைத்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான். சொல்லியிருந்தால் நான் அதையும் கிண்டல் செய்திருப்பேன், அதுவும் உண்மைதான்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. வெந்த சில்லு இரண்டை எடுத்து என் கையில் வைத்து எது பச்சை, எது செங்காவி என்று கேட்டார். இரண்டும் ஒரே சேறுதான் என்றேன். சில்லுகளைத் திரும்ப வாங்கி வைத்தார். "பன்னெண்டு வருஷத்துல ஒரு சாமான் நிறம் மாறலையே" என்றார். அது நானில்லை, என் மச்சான் என்றேன். "நிறம் அவர் பாத்துக்கிட்டாரு, சரி. இந்தக் கை யாருது" என்று கேட்டு, சிவந்து போன ஒரு தட்டின் விளிம்பைத் தடவிக் காட்டினார். மண் பிசைய வேண்டாம், கிளேஸுக்கே போங்கள் என்றார். ஓட்டல்காரர் பத்து நாள் பொறுத்தார். புதுத் தட்டு அறுபதையும் மறுபடி முக்கினேன். எல்லாம் பச்சையாம். சூளைக்காரர் சத்தியம் செய்தார், உங்கள் தங்கையும் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது கயிறு கட்டுவது நான்தான். வாளி நிறையும்போதே முதலாளியம்மா பக்கத்தில் நின்று சொல்வார், நான் முடிச்சுப் போடுவேன். எல்லோருக்கும் காரணம் தெரியும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் பழக்கமில்லாமல் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன். கயிற்றைத் தொடாமல், யாரையும் கேட்காமல், உங்களை நினைத்துக்கொண்டு எனக்குப் பிடித்த வாளியில் முக்கினது. சூளையிலிருந்து எடுத்ததும் காகிதத்தில் சுற்றிவிட்டேன், இங்கே ஒருத்தருக்கும் காட்டவில்லை. அது என்ன நிறம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுதி வேண்டாம், தங்கச்சியிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். அடுத்த தடவை போன் பண்ணும்போது என்னைக் கூப்பிட்டு, என்னிடமே சொல்லுங்கள்.

நீங்கள் நீண்ட காலம் சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்