இலையில் வைத்த சிகரெட்

அம்மாவுக்கு மஸ்கட்லேர்ந்து ஜெகன் கும்பிட்டு எழுதறது. நான் நல்லா கீறேன். உன் முட்டிவலி எப்படி கீது? போன்ல சொன்னா நீ அழுவ. நீ அழுதா என் வாய் சிகரெட் கேக்கும். அதான் எழுதறேன்.

நைனா செத்து ஒரு வருசம் ஆச்சேன்னு நீ போட்ட படையலை, தங்கச்சி இளமதி போட்டோ எடுத்து அனுப்பிச்சா. அவர் நுரையீரலைத் தின்ன அதே சிகரெட்டை, அவருக்குப் புடிக்கும்னு பத்தவெச்சி இலையில வெச்சிருக்க. நான் அதை வுட்டு நாப்பது நாள் ஆயிருந்திச்சி. போட்டோல நைனா மூஞ்சைப் பாக்கவேயில்லம்மா, பொகையத்தான் பாத்தேன். வாயூறிச்சி. கையில ஒண்ணு இல்லியேன்னு கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. அப்பனை நெனச்சி அழுவறான்னு பக்கத்துக் கட்டில்காரன் முதுகைத் தடவிக்குடுத்து ஒரு சிகரெட்டை நீட்டினான். வாங்கிக் குடிச்சேன். அதுக்கப்புறம் அழுகையே வரல.

பயப்படாத, ஒண்ணே ஒண்ணுதான்.

ஊர்லேர்ந்து யாராவது வந்தா எலந்தவடை குடுத்தனுப்பு, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. சைட்டுக்குப் போற வண்டி வந்துடுச்சி.

அடுத்த வருசம் இலையில சிகரெட் வெக்காதம்மா. வெச்சாத்தான் உன் மனசு ஆறும்னா ரெண்டா வெச்சிடு. இன்னொண்ணு எனக்கு.

ஜெகன்